ஞானசௌந்தரி ஹால்

டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஞானசௌந்தரியின் விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். மனசு எங்கேயாவது போய்விடும். சேலையூரைத் தாண்டி, முட்புதரும் சப்பாத்திக் கள்ளியுமாகக் கிடந்த பெரிய வளாகம் ஒன்றில் இருந்தது அந்தக் கல்லூரி. ஆபீஸ் ஜன்னலைத் திறந்தால் புதர்க்காடுதான். அதற்கு மேலே தாம்பரத்து விமானத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானங்கள் வெயிலில் தும்பி மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே நாலு பக்கக் கடிதத்தை ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்துவிடுவாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பாதி நேரம் அவளுக்குத் தெரியாது.

“என்னம்மா, தாம்பரம் வந்துடுத்து, இறங்கலையா?” என்பார் ஆபீஸ் மேனேஜர் யக்ஞநாராயணன். பீச்சிலிருந்து வரும் மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடும். பெட்டியில் தூங்கிப்போனவர்களைத் தட்டி எழுப்புவது போல அவர் அவளை எழுப்புவார். அவள் வெட்கத்தோடு சிரித்துவிட்டு அடுத்த தாளைச் செருகுவாள்.

அது 1963. அவளுக்கு இருபத்துநாலு வயசு. அப்பா இல்லை. அம்மா ரத்தினபாய் மிஷன் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். தம்பி ஜெபசீலன் அதே கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். காலையில் அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் வீட்டிலிருந்து கிளம்புவார்கள். பாதி வழியில் அவன் நண்பர்களோடு சேர்ந்துகொண்டு வேகமாகப் போய்விடுவான். அவள் பனி இன்னும் விலகாத ஒற்றையடிப் பாதையில், எதையும் யோசிக்காமல் நடந்து வருவாள். ஒரு நாளில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

முந்தின வருஷம் வடக்கே பனிமலையில் சீனாவோடு நடந்த சண்டை, இவ்வளவு தூரத்திலிருந்த கல்லூரியின் முகத்தையும் மாற்றியிருந்தது. உடம்பு நன்றாக இருக்கும் ஒவ்வொரு மாணவனும் என்.சி.சி.யில் சேர்ந்தாக வேண்டும் என்று ஆணை வந்தது. அதுவரை ஆடு மேய்ந்த மைதானத்தில் நூற்றுக்கணக்கான காக்கிச் சட்டைகள். பெரிய பூட்ஸுக்குள் சின்னக் கால்களை நுழைத்துக்கொண்டு பையன்கள் தத்தித் தத்தி நடந்தார்கள். இந்தியில் வந்த கட்டளை புரியாமல் பாதிப் பேர் இடமும் பாதிப் பேர் வலமும் திரும்புவார்கள். பூட்ஸ் சத்தமும் டைப்ரைட்டர் சத்தமும் சில நேரம் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். அப்போது அந்தப் பையன்கள் தன் விரல்களுக்குள்ளேதான் நடந்து போகிறார்கள் என்று ஞானசௌந்தரிக்குத் தோன்றும்.

செப்டம்பரில் ராணுவத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் ஆள் எடுக்க வந்தார்கள். லைப்ரரிக்கு எதிரே புங்கமரத்தடியில் மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, மேலே வண்ணப் படங்களைப் பரப்பி வைத்தார்கள். பனி மூடிய சிகரம், அதன் கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளைஞன். படிப்பை முடித்தவனுக்கு நேரே அதிகாரிப் பதவி, பரங்கிமலையில் பயிற்சி. இரண்டு நாளும் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கலையவில்லை. விண்ணப்பங்களை டைப் அடித்துக் கொடுக்கும் வேலை ஆபீஸுக்கு வந்தது.

பதினேழாவது விண்ணப்பத்தில் உயரம், மார்பளவு, பிறந்த தேதி எல்லாம் அடித்து முடித்து, “தாயார் பெயர்” என்ற இடத்தில் ரத்தினபாய் என்று அடித்தபோதுதான் விரல்கள் நின்றன. மேலே பார்த்தாள். ஜெபசீலன் என்று இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கேட்டாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ அம்மாகிட்ட சொல்லுவே. அம்மா அழுவாங்க” என்றான் அவன். “அக்கா, அந்தப் படத்துல இருந்த மலையைப் பாத்தியா? நான் பாத்ததெல்லாம் பரங்கிமலைதான். அதைப் போய் மலைன்னு சொல்லிட்டிருக்கோம்.”

அம்மா அழத்தான் செய்தாள். ஆனால் அந்த வருஷம் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அவன் பரங்கிமலைக்குப் போனான். ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்ட வெட்டிய தலையோடு சாப்பாட்டுக்கு வருவான். பிறகு வடக்கே போனான். கடிதங்கள் மட்டும் வந்தன. பஞ்சாப் என்றும், கோதுமை வயல் என்றும், குளிர் என்றும் எழுதினான். மலையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கல்லூரி முதல்வர் டாக்டர் வேதசிரோமணி அதிர்ந்து பேசாத மனிதர். ரசாயனம் படித்தவர். அந்தத் துறைக்கு ஒழுங்கான கட்டடம் இல்லையே என்பது அவருடைய நெடுநாள் குறை. தகரக் கொட்டகையில்தான் லேப் நடந்தது. ஆசிட் புகை போக வழியில்லாமல் பையன்கள் இருமிக்கொண்டே உப்பைக் கண்டுபிடிப்பார்கள். பல வருஷம் எழுதி எழுதி, கடைசியில் புதுக் கட்டடத்துக்கு அரசாங்க மானியம் வாங்கினார். முதல் தவணை வந்து சுவர்கள் எழும்பின. இரண்டு பக்கமும் லேப், நடுவில் இருநூறு பேர் உட்காரும் ஒரு ஹால். இரண்டாவது தவணை வந்தால் கூரை போட்டுவிடலாம்.

இரண்டாவது தவணைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தகுதியுள்ள மாணவர் அத்தனை பேரும் என்.சி.சி. பயிற்சியையும் துப்பாக்கிப் பயிற்சியையும் முடித்தார்கள் என்று முதல்வர் சான்று தர வேண்டும். விலக்கு கொடுத்திருந்தால் அது மருத்துவக் காரணமாக மட்டுமே இருக்கலாம். அறுபத்தைந்து மார்ச்சுக்குள் சான்று போய்ச் சேர வேண்டும்.

எழுநூற்றுச் சொச்சம் பெயர்கள். ஞானசௌந்தரி இரண்டு வாரம் அடித்தாள். எல்லாப் பெயருக்கு நேரேயும் “முடித்தார்” என்று விழுந்தது. ஒரே ஒரு பெயருக்கு மட்டும் விழவில்லை: ஏகநாதன், பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இரும்புலியூர்.

அவன் எல்லாப் பரேடுக்கும் வந்தவன். பூட்ஸ் கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்று என்.சி.சி. பொறுப்பிலிருந்த ஆசிரியரே சொன்னார். டிசம்பரில் வண்டலூருக்கு அப்பால் குன்றடியில் நடந்த முகாமில்தான் விஷயம். முதல் நாள் சுட்டான். இரண்டாம் நாள் துப்பாக்கியைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். மிரட்டிப் பார்த்தார்கள், வெயிலில் ஓட விட்டார்கள். ஓடினான். திரும்பி வந்தும் சுடவில்லை.

கல்லூரி டாக்டர் நல்ல மனசுக்காரர். “பார்வைக் குறைவு” என்று ஒரு வரி எழுதிவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். அதற்கான படிவத்தை வாங்கிப்போக ஏகநாதன் ஆபீஸுக்கு வந்தான். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்தான். படிவத்தைக் கையில் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

“என்ன தம்பி?”

“அக்கா, கண்ணு தெரியலைன்னு எழுதறேன்றாரு டாக்டர் சாரு. எனக்கு நல்லா தெரியுதுக்கா. எங்கப்பா ரயில்வேல கேங்மேன். நானும் ரயில்வேக்குத்தான் போவணும்னு கீறேன். கண்ணு சரியில்லன்னு ஒரு பேப்பரு கீதுன்னா நாளைக்கு எவன் என்னை எடுப்பான்?”

“அப்போ சுட்டிருக்கலாமே. எல்லாரும் சுட்டாங்க.”

“நானும் சுட்டேன்க்கா. மொத நாளு வட்டம் போட்ட அட்டை. அஞ்சுக்கு நாலு போட்டேன். மறுநாளு ஆளு மாதிரி அட்டைய நட்டு வச்சிருந்தாங்க. தலை, தோளு எல்லாம் கீது. படுத்துகினு பாக்கறேன், காத்துல அது லேசா ஆடுது. கை வரலை.”

“அட்டைதானே?”

“அட்டைதான். எனக்குத் தெரியாதா? இன்னா பண்றது, வரலை.” காந்தியைப் பற்றியோ வேதத்தைப் பற்றியோ அவன் பேசவில்லை. தன்மேல் தானே கொஞ்சம் ஆச்சரியப்பட்டது போல நின்றுவிட்டுப் போனான். கையில் வாங்கிய படிவத்தை மேஜைமேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

மறுநாள் முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சான்றின் வாசகத்தைச் சொன்னார். சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டாள். “ஒரு மாணவர் மட்டும் பார்வைக் குறைவு காரணமாக விலக்கு அளிக்கப்பட்டுள்ளார்” என்ற வரி வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டாக்டர் தானே பரிசோதித்து எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார். அவள் நோட்டை மூடிக்கொண்டு வந்துவிட்டாள்.

சொன்னபடியே அடித்தாள். அடித்து முடித்துத் தாளை உருவினாள். வெளியே விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. வழக்கமாக அதன் பின்னாலேயே போய்விடும் மனசு அன்று போகவில்லை. விரலும் மனசும் ஒரே இடத்தில் இருந்தது அவளுக்கு ஞாபகம் தெரிந்து அன்றைக்குத்தான். இன்னொரு தாளைச் செருகி, கார்பன் வைத்து, அதே சான்றை மறுபடி அடித்தாள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக: “ஒரு மாணவர் எல்லாப் பரேடுகளிலும் கலந்துகொண்டார், மனித உருவ இலக்கைச் சுட மறுத்தார். அவர் உடல்நிலையில் குறை எதுவும் இல்லை.”

இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து முதல்வர் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் மேலே இருந்ததைப் படித்தார். கீழே இருந்ததைப் படித்தார். “இதுல எது நான் சொன்னது?”

“மேல இருக்கறது, சார்.”

“கீழ இருக்கறது?”

“நடந்தது, சார்.”

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவள் வேலை போனது என்றே நினைத்துக்கொண்டாள். அம்மாவிடம் எப்படிச் சொல்வது, தம்பிக்கு எப்படி எழுதுவது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

“உன் தம்பி எங்கே இருக்கான் இப்போ?” என்று கேட்டார்.

“பஞ்சாப்ல, சார்.”

“அவனுக்கு இது தெரிஞ்சா என்ன சொல்லுவான்?”

“தெரியலை, சார். பயமாத்தான் இருக்கு.”

“எனக்கும்தாம்மா” என்றார் அவர். பிறகு பேனாவைத் திறந்தார். கீழே இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மேலே இருந்ததை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பு. யக்ஞநாராயணன்கிட்ட நானே சொல்லிக்கறேன். அந்தப் பையனை யாரும் எதுவும் செய்யக் கூடாது, அதையும் சொல்லிடறேன்.”

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எந்த விதியின் கீழ் இந்த விலக்கு என்று விளக்கம் வேண்டும். விளக்கம் திருப்தியாக இருக்கும்வரை இரண்டாவது தவணை நிறுத்திவைக்கப்படுகிறது. கொத்தனார்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சுவர்கள் மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

யக்ஞநாராயணன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம் அவள் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் உன்னைத் திட்டப் போறதில்லை. எழுந்து என்கூட வா” என்றார். தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றார்கள். மஞ்சள் புகைக்குள் பையன்களின் முதுகு தெரிந்தது. யாரோ இருமினார்கள், இன்னொருவன் இருமினான், கொட்டகை முழுக்க இருமல். “ஒரு பையன் மனசு நோகக் கூடாதுன்னு நீ ஒரு வரி அடிச்சே. இவாளுக்கு நான் எந்த வரியை அடிக்கறது, சொல்லு?”

அந்தக் கேள்விக்குப் பல வருஷம் பதில் தேடினாள். அவர் கேட்டது நியாயம் என்பதும் தெரிந்தது; மறுபடி அதே நாள் வந்தால் அதே இரண்டு தாளைத்தான் அடிப்பாள் என்பதும் தெரிந்தது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்பதுதான் தெரியவில்லை.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. விமானத் தளம் பக்கத்திலேயே இருந்ததால் சேலையூர் வீடுகளில் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். ஆபீஸுக்கு வரும் ஆசிரியர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். “தம்பி எல்லையில நிக்கறான், அக்கா இங்கே சுட மாட்டேன்னவனுக்குச் சான்று அடிச்சுக் கொடுக்கறா” என்று ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டில் அம்மாவும் அவளும் ரேடியோவை நடுவில் வைத்துக்கொண்டு செய்தி கேட்டார்கள். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதுவும் அவர்களுக்குத் தெரிந்த பெயர் இல்லை.

“சீலனுக்கு எழுதிட்டேன்” என்றாள் அம்மா ஒரு நாள். “எல்லாத்தையும் எழுதினேன். நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை சௌந்தரி. அதையும் அப்படியே எழுதினேன்.”

பதில் வரவில்லை. அக்டோபரில் வந்தது ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து, யாரோ ஒரு நர்ஸின் கையெழுத்தில். பக்கத்தில் குண்டு வெடித்ததில் இடது காது முழுதாகப் போயிற்று. வலது காது பாதி கேட்கிறது. மற்றபடி நலம், கவலைப்பட வேண்டாம். ரத்தினபாய் அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நாள் வகுப்பில் குரலே எழுப்பாமல் பாடம் நடத்தினாள்.

அதற்குள் கூரையில்லாத ஹாலுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. முதலில் ஆசிரியர்கள் கேலியாகச் சொன்னார்கள், பிறகு மாணவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: ஞானசௌந்தரி ஹால். “எங்கடா இருந்தே?” “ஞானசௌந்தரி ஹால்ல.” முதலில் அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு அங்கே போகாத நாள் குறைவு. தரையில் அருகம்புல் முளைத்திருந்தது. மழைக்குப் பிறகு நடுவில் தண்ணீர் தேங்கும். அதில் நாலு சுவர்களுக்குள் அடைபட்ட ஒரு துண்டு வானம் மிதக்கும், மேகம் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடந்து போகும். வாலாட்டிக் குருவிகள் வந்து தண்ணீரின் ஓரத்தில் ஓடும். ஜன்னல் வைக்க விட்டிருந்த சதுரங்களின் வழியே புதர்க்காடு தெரியும். காற்று வந்தால் அந்தச் சதுரம் மட்டும் அசையும். கொட்டகையிலிருந்து இருமல் சத்தமும் வரும். அவள் அதையும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள்.

அறுபத்தாறு ஏப்ரலில் வேதசிரோமணி ஓய்வுபெற்றார். பிரிவுபசாரக் கூட்டத்தை எங்கே வைப்பது என்று ஆபீஸில் பேச்சு வந்தபோது, “ஞானசௌந்தரி ஹாலில் வையுங்கள்” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். புல்லைச் செதுக்கிப் பெஞ்சு போட்டார்கள். சாயங்கால வெயில் மேற்குச் சுவரின் விளிம்பில் நின்றது. தலைக்கு மேல் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போக, பேசிக்கொண்டிருந்த வேதசிரோமணி நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். கூட்டமே பார்த்தது. “நான் கட்ட நினைச்சதிலேயே இதுதான் ரொம்ப உயரமா வந்திருக்கு” என்றார். சிலர் சிரித்தார்கள். யக்ஞநாராயணன் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்த வருஷம்தான் ஏகநாதனும் பரீட்சை எழுதிவிட்டுப் போனான். கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்தான். அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

புது முதல்வர் வந்தார், மானியக் கோப்பை மறந்தார். ஞானசௌந்தரி மறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மானிய அலுவலகத்துக்கு ஒரு நினைவூட்டலை அடித்து, மேனேஜர் மேஜையில் வைப்பாள். அவர் அதை முதல்வரின் கையெழுத்துக்கு அனுப்புவார். கொட்டகையில் காற்று போக மேலே இரண்டு பெரிய திறப்பு வெட்ட வேண்டும் என்று அவள் கேட்க, அவர் ஆளை அனுப்பி வெட்ட வைத்தார். இருமல் கொஞ்சம் குறைந்தது. அப்படித்தான் இருவரும் மறுபடி பழையபடி பேச ஆரம்பித்தார்கள்.

அறுபத்தெட்டில் காற்று திசை மாறியது. இந்தியில் கட்டளை கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டாயம் என்ற சொல் என்.சி.சி.யை விட்டுக் கழன்றது. காக்கிச் சட்டைகள் குறைந்து மைதானத்துக்கு மறுபடி ஆடுகள் வந்தன. நிபந்தனையே இல்லாமல் போனபின் விளக்கத்துக்கு என்ன வேலை? அடுத்த வருஷம், அவளுடைய பதின்மூன்றாவது நினைவூட்டலுக்குப் பதிலாக இரண்டாவது தவணை வந்தது.

கான்கிரீட் போட்ட அன்று சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கைமாற்றினார்கள். ஞானசௌந்தரி வாசலில் நின்று பார்த்தாள். பலகையின் மேல் ஒவ்வொரு சட்டியாக விழ விழ, உள்ளே இருட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி யாரும் இரும வேண்டாம். ஆனாலும் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது, ஏன் என்று தெரியாமல் வெகுநேரம் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தாள். ஹாலுக்கு ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கல்லில் பொறித்துப் பதித்தார்கள்.

காது போனபின் ராணுவக் கிடங்கு வேலையில் சில வருஷம் இருந்துவிட்டு ஜெபசீலன் திரும்பி வந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. காது கேட்காததால் பேச்சு குறைந்திருந்தது, சிரிப்பு குறையவில்லை. அம்மா எழுதிய கடிதத்தைப் பற்றி அவன் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த ஒரு விஷயத்தைச் சுற்றி இருவரும் ஜாக்கிரதையாக நடந்துகொண்டார்கள்.

எழுபத்திரண்டு பிப்ரவரியில் அவனுக்குப் பெண் பார்க்கச் செங்கல்பட்டுக்குப் போனார்கள். அம்மாவுக்கு முட்டிவலி; அக்காவும் தம்பியும் மட்டும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வர வேண்டுமாம். வெயில் தூங்கிக்கொண்டிருந்த பிளாட்பாரத்தில், வெள்ளை உடுப்பும் கக்கத்தில் சுருட்டிய கொடிகளுமாக உதவி ஸ்டேஷன் மாஸ்டர் நடந்து வந்தார். ஜன்னலைக் கடந்து போனவர் திரும்பி வந்தார்.

“அக்கா! டைப்பிஸ்ட் அக்காதானே? நான் ஏகநாதன்.”

அவள் அவன் உடுப்பையும் கொடிகளையும் பார்த்தாள். “ரயில்வேலதான் சேந்துட்டீங்களா?”

“மெடிக்கல் டெஸ்ட்டுல கண்ணு ஏ ஒன்னுன்னுட்டாங்கக்கா” என்று சிரித்தான் அவன். உள்ளே இருந்தவனைப் பார்த்தான். “இது…”

“என் தம்பி. ஜெபசீலன்.”

ஜெபசீலன் வலது காதை ஜன்னல் பக்கம் திருப்பினான். “இவர்தான் ஏகநாதன்” என்று அக்கா அந்தக் காதருகே சொன்னதும் அவனுக்கு விளங்கிவிட்டது. எழுந்து பிளாட்பாரத்தில் இறங்கினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஞானசௌந்தரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானா அது?” என்றான் ஜெபசீலன். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் சற்று உரக்கவே பேசினான்.

“நான்தான் சார்.”

“அம்மா எழுதியிருந்தாங்க. அப்போ எனக்கு ரொம்பக் கோபம். அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டேன். திரும்பி வந்து அக்காகிட்டக் கேக்கணும்னு இருந்தேன்.” இடது காதைத் தொட்டுக்கொண்டான். “அதுக்கப்புறம் என்னென்னவோ ஆச்சு. ஒரு பக்கம் காதே போச்சு. அந்தக் கோபத்தைத் தேடிப் பாத்தா எங்கே வச்சேன்னே தெரியலை.”

ஏகநாதன் கொடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். வலது காதின் பக்கமாக வந்து நின்று சொன்னான்: “போன டிசம்பர்ல சண்டை வந்துச்சே, அப்போ மிலிட்டரி ஸ்பெஷலு எத்தினியோ போச்சு சார். பசங்க கதவாண்ட உக்காந்துகினு கை ஆட்டுவானுங்க. நான் பச்சைக் கொடி காட்டிகினே நிப்பேன். ஒவ்வொரு வண்டிக்கும் உங்களைத்தான் நெனைச்சேன். டைப்பிஸ்ட் அக்கா தம்பி இன்னா ஆனாரோ, வூடு வந்து சேந்தாரோன்னு. யாரைக் கேக்கறதுன்னு தெரியலை.”

ஜெபசீலன் அவன் தோளில் கையை வைத்தான். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போயிற்று. இவ்வளவு வெயிலில் இந்த ஸ்டேஷனில் குடிக்கத் தண்ணீர் உண்டா, எத்தனை குழந்தைகள், இரும்புலியூரில்தான் இருக்கிறார்களா. எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்து போனது. வண்டி நகர்ந்தபோது ஜெபசீலன் ஓடி வந்து ஏறிக்கொண்டான். இருக்கையில் சாய்ந்து வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஏரி, பனைமரம், மறுபடி ஏரி.

“அக்கா” என்றான். “காது விஷயம் பொண்ணு வீட்டுல நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நீயே சொல்லு.”

பெண்ணின் பெயர் ஜெயசீலி, பள்ளிக்கூட டீச்சர். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஜெபசீலன் முகவுரை எதுவும் இல்லாமல் விஷயத்தைச் சொன்னான். பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார். அத்தை ஒருத்தி ஞானசௌந்தரியின் முகத்தைப் பார்த்தாள். ஜெயசீலி மட்டும், “கேக்கறது எந்தப் பக்கம்?” என்று நேரே அவனிடமே கேட்டாள்.

“வலது” என்றான்.

அவள் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு வலது புறத்தில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணம் மே மாதத்தில் தாம்பரத்துச் சர்ச்சில் நடந்தது.